நில்லாமற் போன வண்டி

தமிழ்த் திரையுலகம் பேருந்தை அறியாததன்று. அறிந்திருக்கிறது, ஆனால் எதற்காக? காதலன் காதலியைக் கடைக்கண்ணால் காண்பதற்கு. கோமாளி தடுமாறி விழுவதற்கு. கதாநாயகி பாடியபடியே பட்டணம் வந்து சேர்வதற்கு! 1966-இல் வந்த 'மெட்ராஸ் டு பாண்டிச்சேரி'யில் ஒரு பேருந்தே மேடையாயிற்று. நம் பெற்றோர் பார்த்துச் சிரித்தனர். பிற்காலத்தில் பார்த்த நாமும் சிரித்தோம். குற்றமில்லை. ஆனால், நீட்டிய கையைக் கண்டும் காணாததுபோல் கடந்துபோன வண்டியைப் பற்றி, அது கிளப்பிவிட்ட புழுதியிலே வாயடைத்து நின்றவர்களைப் பற்றி, நாமறிந்தவரை ஒரு முழுநீளப் படம் வர 2021 வரை காத்திருக்க நேர்ந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள் வெளிவந்தது, மாரி செல்வராஜின் 'கர்ணன்'.

படம் வந்த புதிதில் ஒருமுறை பார்த்தோம்; பாராட்டினோம்; மறந்தோம். அண்மையில் மாணவர் சிலரோடு அமர்ந்து மறுமுறை பார்த்தோம். அப்போதுதான் இதைப் பற்றி எழுதியாக வேண்டும் என்று தோன்றிற்று. ஏன் தோன்றிற்று என்பதைப் பின்னர்ச் சொல்வோம்.

வலிப்பு வந்து நடுச்சாலையிலே துடித்துக் கிடக்கிறாள் ஒரு சிறுமி. வண்டிகள் வருகின்றன, விலகிக் கொள்கின்றன, விரைந்து போகின்றன. சாலை தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது. சிறுமியின் உயிர் மட்டும் நின்றுவிடுகிறது. படத்தின் தொடக்கமே இதுதான். ஊரின் பெயர் பொடியங்குளம். பேருந்து ஊர் வழியே போகும், ஊருக்காக நிற்காது. ஏறவேண்டுமானால் பக்கத்து மேலூருக்கு நடக்க வேண்டும். அங்கே போனால் ஏச்சு, ஏளனம், படிக்கப் புறப்பட்ட பெண்பிள்ளைக்குச் சீண்டல். 'வண்டியில் ஏறு, ஆனால் எங்கள் வாசலில் வந்து, எங்கள் வார்த்தையைக் கேட்டுக்கொண்டு ஏறு' என்பது மேலூரின் சட்டம்.

எண்ணிப் பாருங்கள் தோழர்களே! அந்த ஊரார் கேட்டது நாடன்று, நகரன்று, நன்செய் நிலமன்று. ஒரு நிறுத்தம்! நட்டு வைக்க ஒரு கம்பம். அதன் தலையிலே ஊர்ப்பெயர் எழுதிய ஒரு தகரம். இதைத் தராததற்குப் பணமுடையா காரணம்? ஒரு பொதுக்கூட்டத்துக்குக் கட்டும் தோரணத்தின் விலைகூடப் பெறாதே அந்தத் தகரம்! காரணம் தகரமன்று, அதில் எழுதியாக வேண்டிய பெயர். ஊர் என்று எழுதிவிட்டால், ஊர் என்று ஒப்புக்கொண்டதாகி விடுமே! மேலூரின் ஓரம் என்று இருந்தது, தனக்கென ஒரு பெயரோடு தலைநிமிர்ந்து விடுமே! இதை இயக்குநர் நன்றாக உணர்ந்திருக்கிறார். படத்தின் உயிர்நாடி இந்த உணர்வே.

கருவுற்ற ஒரு பெண், கணவனோடும் பிள்ளையோடும் சாலையோரம் காத்து நிற்கும் காட்சி வருகிறது. கை காட்டுகின்றனர், வண்டி நிற்கவில்லை. சிறுவன் கல்லை எடுக்கிறான், வீசுகிறான், கண்ணாடி நொறுங்குகிறது. பிறகு கதாநாயகன் வருகிறான், கட்டையோடு வருகிறான், வண்டி சின்னாபின்னமாகிறது, கொட்டகை அதிர்கிறது. அதெல்லாம் நட்சத்திரத்துக்குச் செலுத்தவேண்டிய காணிக்கை, செலுத்திவிட்டார்கள். நம் நெஞ்சிலே நின்றது அந்தச் சிறுவனின் கல். பெரியவர்கள் பல்லாண்டு பொறுத்த பொறுமைக்கு, பிறந்து சில ஆண்டுகளே ஆனவன் வைத்த முற்றுப்புள்ளி அது. கழுதையின் கட்டிய கால், குஞ்சைத் தூக்கும் பருந்து என்று குறியீடுகளை இயக்குநர் அள்ளி இறைத்திருப்பது நமக்குச் சற்று மிகுதியாகவே பட்டது. கல் ஒன்றே போதும்.

பெயர்களைப் பற்றியும் ஒரு சொல். பொடியங்குளத்தாருக்குக் கர்ணன், துரியோதனன், திரௌபதை என்று பெயர்கள். காவல்துறை அதிகாரிக்கோ கண்ணபிரான் என்று பெயர்! பாரதத்தைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்கியிருக்கிறார்கள். புராணத்தை எதிர்ப்புறமிருந்து படிக்கும் இந்தப் பழக்கம் நம் இயக்கத்தாருக்குப் புதிதன்று. பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்து மகிழலாம். நிலையத்துக்கு வந்த முதியவர் ஒருவருக்கு மன்னர் பெயர் இருப்பதும், அவர் தலையில் முண்டாசு இருப்பதும் அந்த அதிகாரிக்குப் பொறுக்கவில்லை. அடி விழுகிறது. வண்டி நிறுத்தத்திலே பெயர் எழுத மறுத்தவர்களும், ஆளுக்கு இந்தப் பெயர் ஏன் என்று அடித்தவரும் வேறு வேறு ஆட்களல்லர் என்பதை ஒரே கோட்டில் நிறுத்திக் காட்டுகிறது படம்.

இறந்த சிறுமியைத் தெய்வமாக்கி, முகமூடி அணிவித்து, படமெங்கும் உலவ விட்டது பகுத்தறிவுக்கு ஒவ்வுமா என்று தோழர் ஒருவர் நம்மிடம் சீறினார். சீற்றம் நியாயமானதே. ஆயினும் நாம் அவரோடு உடன்படவில்லை. கொல்லப்பட்டவரையும் கவனிப்பாரற்று இறந்தவரையும் ஊரார் மறக்காமல் வைத்துக்கொள்ள, எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்களுக்குக் கல்வெட்டா இருந்தது, நாளேடா இருந்தது? தெய்வம் என்ற பெயரில் ஒரு சாட்சியைக் காப்பாற்றி வைத்தார்கள். அந்தச் சிறுமி படத்திலே வரம் தரவில்லை, வேண்டுதலை நிறைவேற்றவில்லை, பார்த்துக்கொண்டு நிற்கிறாள், அவ்வளவே. வழக்கு முடியாத வரையில் சாட்சி நின்றுகொண்டுதான் இருப்பாள்.

இனி, நம்மவர் பலர் பேசத் தயங்கும் இடத்துக்கு வருவோம்.

படம் வந்தவுடன் ஒரு சச்சரவு எழுந்தது நினைவிருக்கும். கதை நிகழும் ஆண்டு 1997 என்று திரையில் காட்டினர். படம் நினைவூட்டும் கொடியங்குளம் கொடுமை நிகழ்ந்ததோ 1995 ஆகஸ்டு 31 அன்று, அ.தி.மு.க. ஆட்சியில். காவற்படை ஊருக்குள் புகுந்து வீடுகளையும் உடைமைகளையும் நாசம் செய்தது வரலாறு. அதனை 1997 என்று காட்டினால் பழி தி.மு.க. ஆட்சியின் மீதன்றோ விழும் என்று கழகத் தரப்பில் சுட்டிக்காட்டினர். ஆண்டைத் திருத்தித் தொண்ணூறுகளின் பிற்பகுதி என்று மாற்றினர். கொடியங்குளத்தைப் பொறுத்தவரை கழகத்தார் சொன்ன கணக்கு சரி. மறுப்பதற்கில்லை.

ஆனால் ஒன்று கேட்போம். ஆண்டைத் திருத்திய கையோடு, அந்த 1997-இலே பேருந்துக்கு என்ன நேர்ந்தது என்பதையும் நினைத்துப் பார்த்தோமா? அரசுடைமையான போக்குவரத்துக் கழகங்களுக்கு முதலில் பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் என்று மன்னர் பெயர்களைச் சூட்டினார்கள். பிறகு கட்டபொம்மன் வந்தார், மருதுபாண்டியர் வந்தார், இராணி மங்கம்மாள் வந்தார், தீரன் சின்னமலை வந்தார். எவரும் வண்டியை விட்டு இறங்கவில்லை. 1997 மே மாதம், விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரைச் சூட்டினார் கலைஞர். கட்டபொம்மனின் படையிலே தளபதியாக நின்றவர் அவர். கட்டபொம்மன் பெயரில் ஓடிய வண்டியிலே ஏறிச் சென்றவர்கள், அவனுடைய தளபதியின் பெயர் எழுதிய வண்டியில் ஏறமாட்டோம் என்றனர்! சாதியன்றி வேறென்ன காரணம்? கலவரம் மூண்டது, உயிர்கள் பலியாயின. முடிவு? போக்குவரத்துக் கழகங்கள், மாவட்டங்கள் அனைத்திலும் இருந்து தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டன. ஒரு பெயரைச் சகிக்க மாட்டாதவர்களுக்காக எல்லாப் பெயர்களும் அழிந்தன.

தீயை அணைக்க வேறு வழியில்லை என்பார்கள். ஆட்சியில் இருப்போரின் இக்கட்டு நமக்குப் புரியாமலில்லை. ஆனால் இலக்கியம் பேச வந்த இடத்தில் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும்: அன்று பொடியங்குளம் தோற்றது, மேலூர் வென்றது. வண்டியின் நெற்றியில் பெயர் எழுதுவதும், நிறுத்தத்தின் தகரத்தில் பெயர் எழுதுவதும் ஒரே வழக்கின் இரு பக்கங்கள்.

நம் முன்னோர் இப்படித் தயங்கினவர்களல்லர். செங்கற்பட்டில் 1929-இல் கூடிய முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார், இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்தபோது செய்த காரியம் ஒன்றுண்டு. ஆதித்திராவிடரை வண்டியில் ஏற்ற மறுத்த தனியார் பேருந்து முதலாளிகளிடம், ஏற்றாவிட்டால் உரிமம் பறிபோகும் என்று ஆணையிட்டார். உபதேசம் செய்யவில்லை, 'மனம் மாறட்டும், மெல்ல மாறட்டும்' என்று காத்திருக்கவில்லை. உரிமம் என்ற ஒன்று கையில் இருந்தது, அதைப் பயன்படுத்தினார். சென்னை தியாகராய நகரிலே பாண்டி பஜாரில் பட்டுப்புடவை வாங்கப் போகிறவர்களுள் எத்தனை பேருக்குத் தெரியும், அந்தப் 'பாண்டி' இவர்தான் என்று!

வண்டிக்கும் சாதிக்கும் உள்ள தொடர்பு தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அண்ணல் அம்பேத்கர் தம் வாழ்க்கைக் குறிப்பிலே எழுதுகிறார். 1901-இல் சிறுவராக, தந்தையைக் காணக் கோரேகாவுக்குப் புறப்பட்டபோது, தீண்டத்தகாத பிள்ளைகளை ஏற்றி ஓட்ட வண்டிக்காரன் எவனும் முன்வரவில்லை. இரட்டிப்புக் கூலி பேசி, பிள்ளைகளே மாட்டை ஓட்ட, வண்டிக்காரன் உடன் நடந்து வந்தான்! பணம் தீட்டில்லை; பக்கத்தில் உட்காருவது தீட்டு! 1929-இல், படித்துப் பட்டம் பெற்றுப் பெரும் வழக்கறிஞரான பின்னும், சாலிஸ்காவில் குதிரை வண்டிக்காரர்கள் அவருக்கு வண்டி ஓட்ட மறுத்தனர். பழக்கமில்லாத அன்பர் ஒருவர் ஓட்ட, வண்டி பாலத்திலே மோதி, அண்ணல் தூக்கியெறியப்பட்டுக் கால் முறிந்தது. காலணா இல்லாததால் வந்த துன்பமா இது? கட்டணத்தைக் குறைத்தால் தீரும் துன்பமா?

இந்த இடத்திலேதான் 'கர்ணன்' நமக்குக் குறையாகப் படுகிறது. நிறுத்தம் வேண்டும் என்று தொடங்கிய கதை, போகப் போக வாளின் கதையாகிவிடுகிறது. காவல் அதிகாரியும் கதாநாயகனும் நேருக்கு நேர் மோத, பேருந்து ஓரத்திலே ஒதுங்கிக்கொள்கிறது. நிறுத்தம் எங்கே என்று முடிவு செய்பவர் யார்? அவர் எந்த மேசையில் அமர்ந்திருக்கிறார்? என்ன காகிதத்தில் கையெழுத்திடுகிறார்? அந்த மேசையின் முன் படம் நின்று நிதானிக்கவில்லை. கொடியவன் ஒருவனைக் கொன்றால் கொட்டகை கைதட்டும். ஆனால் கோப்பு கொல்லப்படுவதில்லை, அது அடுத்த அதிகாரியிடம் போகிறது.

மேசை இருக்கிறது, தோழர்களே. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இருக்கிறது. வழித்தட உரிமம் வழங்கும்போது, எந்த வழியே, எந்த நேரத்தில் ஓட வேண்டும், எங்கே ஆளை ஏற்றி இறக்க வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை விதிக்க 72-ஆம் பிரிவு இடம் தருகிறது. அரசுப் பேருந்தாயின் கிளை மேலாளர் இருக்கிறார். அவரிடம் நேர அட்டவணை இருக்கிறது. அந்த அட்டவணையிலே ஓட்டத்துக்குக் கொடுத்திருக்கும் நிமிடம் குறைவு. ஓட்டுநர் விரைந்தாக வேண்டும். மாலையில் வசூல் எவ்வளவு என்ற கேள்வி வரும். நடத்துநர் வசூல் தரும் ஊரைத் தேடுவார். நிமிடத்தையும் வசூலையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், எந்த நிறுத்தத்தைத் தாண்டிப் போகத் தோன்றும்? மூட்டையோடு மூன்று கிழவிகளும், பயண அட்டையோடு பத்துப் பிள்ளைகளும் நிற்கும் நிறுத்தத்தைத்தான்! சாதி வெறியரே ஓட்டுநராக இருக்க வேண்டும் என்பதில்லை. நல்லவரை ஓட்ட விட்டாலும் அட்டவணை அவரைத் தாண்டிப் போகச் சொல்லும். மேலூர்க்காரன் வகுத்த வழக்கத்தை, மேலூரையே அறியாத ஓர் எழுத்தர் காகிதத்தில் நகலெடுத்துக்கொண்டிருப்பார்.

இதே இயக்குநர் 2024 ஆகஸ்டில் தந்த 'வாழை'யை நாம் 'கர்ணனை' விட உயர்வாகக் கருதுகிறோம், காரணமும் இதுவே. அதிலே வாள் இல்லை. வாழைத்தார் சுமக்கும் கூலிக்காரர்கள் தாருக்கு ஒரு ரூபாய் கூடுதலாகக் கேட்கின்றனர், போராடிப் பெறுகின்றனர். கொடுத்த ரூபாயை வியாபாரி வேறு வழியிலே மீட்கிறான். ஆட்கள் போகத் தனி வண்டி எதற்கு, தார் ஏற்றிய லாரியின் மேலேயே உட்காருங்கள்! இரவு, சுமை, மேடு பள்ளம், லாரி கவிழ்கிறது. இயக்குநரின் இளமைக்காலத்திலே உண்மையில் நிகழ்ந்த விபத்து அது. மனிதர் போக வண்டி இல்லை, வாழை போக வண்டி இருக்கிறது என்ற ஒரே செய்தியில் ஊரின் பொருளியல் முழுவதும் அடங்கிவிடுகிறது. யாரும் யாரையும் கொல்லக் கத்தி எடுக்கவில்லை. கணக்குத்தான் போட்டார்கள், கூலிக்காரர் பிணமானார்கள்.

'கழகம் ஒன்றும் செய்யவில்லையா?' என்று கேட்பீர்கள். செய்தது, பெரிதாகவே செய்தது. 1967-இல் ஆட்சிக்கு வந்தபின் பேருந்து வழிகளை நாட்டுடைமை ஆக்கிற்று. பெருமுதலாளிகளின் கையிலிருந்து வண்டிகளை மீட்க 1971-இல் சட்டம் செய்தது. பட்டணத்துக்குப் பக்கத்தில் இல்லாத சிற்றூருக்கும் வண்டி போனது அதனால்தான். 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லை என்று ஆணை பிறந்தது; திருநங்கையருக்கும் மாற்றுத்திறனாளிக்கும் பின்னர் விரிந்தது. பெண்ணொருத்திக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாக மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு கூறிற்று. களையெடுக்கப் போகிறவளுக்கும் கடையிலே நிற்கிறவளுக்கும் அது சில நாள் கூலி. இதனை இலவசம் என்று எள்ளி நகையாடும் மேட்டுக்குடியாரோடு நமக்குப் பேச்சில்லை.

ஆனால் 2022-இல் அமைச்சர் ஒருவரே மேடையிலே நின்று, 'ஓசியில் போகிறீர்கள்' என்னும் பொருள்படப் பேசினாரே, அதை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? அந்தச் சொல் மேடையோடு நிற்கவில்லை. நடத்துநரின் வாய்க்கு வந்தது. பெண்கள் மட்டும் நிற்கும் நிறுத்தத்திலே வண்டி நில்லாமல் போகிறது என்று ஊர்தோறும் முறையீடு எழுந்தது. சீட்டு இலவசமாயிற்று, வண்டி நிற்பது அருமையாயிற்று! கட்டணம் கேட்காத வண்டியும் நிற்காவிட்டால் யாருக்குப் பயன்? நின்றால்தானே ஏறமுடியும், ஏறினால்தானே சீட்டு?

இனி, எழுதத் தோன்றிய காரணம். நாம் பணியாற்றும் பள்ளியில் முதல் பாடவேளைக்கு நாள்தோறும் தாமதமாக வருபவர் ஒன்பது பேர். ஒழுக்கம் வேண்டும் என்று அவர்களை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்து வந்தோம். வெட்கத்தோடு சொல்கிறோம்: ஓராண்டு முழுவதும் நிற்க வைத்தோம். 'கர்ணன்' படத்தை அவர்களோடு பார்த்த அன்று, சிறுவன் கல்லை எடுத்த இடத்தில் வகுப்பே ஆரவாரம் செய்தது. அந்த ஒன்பது பேர் மட்டும் பேசாமல் இருந்தனர். படம் முடிந்தபின் ஒருத்தி மெல்லச் சொன்னாள்: "எங்க ஊர் எட்டு மணி வண்டியும் இப்படித்தான் சார்."

ஒன்பது பேரும் ஒரே தெருப் பிள்ளைகள் என்பதை வருகைப் பதிவேடு நமக்குச் சொல்லவில்லை; நாமும் கேட்டதில்லை. மறுநாள் விடியலில் அங்கே போய் நின்றோம். வண்டி வந்தது. பிள்ளைகள் கை நீட்டினர். வேட்டியும் சட்டையுமாக ஓர் ஆசிரியர் நிற்பதைக் கண்டு வேகம் சற்றுக் குறைந்தது. பிறகு நினைவு வந்ததுபோல் போய்விட்டது. மூன்று கல் தொலைவு அவர்களோடு நடந்தே பள்ளிக்கு வந்தோம். அன்று நாமும் தாமதம்.

பிள்ளைகளைக் கொண்டே விண்ணப்பம் எழுதச் செய்தோம். ஒன்று கிளை மேலாளருக்கு. ஒன்று திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் ஆட்சியர் அலுவலகத்துக்கு. இலக்கணப் பிழைகளைத் திருத்தாமலே அனுப்பினோம். சில வாரங்களில் கம்பம் வந்தது. காலை வண்டி நிற்கிறது. ஒன்பது பேரும் மணியடிக்கும் முன்பே வந்துவிடுகின்றனர்.

தகரத்தில் அவர்களுடைய தெருவின் பெயர் இல்லை. ஒரு கல் தள்ளியிருக்கும் பெரிய ஊரின் பெயரை எழுதி, அதன்கீழ் 'விலக்கு' என்று எழுதியிருக்கிறார்கள். கிளைச்சாலை பிரியும் இடத்தைத் தென்மாவட்டங்களில் விலக்கு என்பது வழக்கம்தான்; எழுதியவர் வேறொன்றும் நினைத்திருக்க மாட்டார். பிள்ளைகள் அதன் அடியிலே சுண்ணக்கட்டியால் தங்கள் ஊர்ப்பெயரை எழுதி வைத்திருக்கின்றனர். மழை பெய்தால் அழியும், மீண்டும் எழுதுகின்றனர். பள்ளியில் சுண்ணக்கட்டி குறைகிறது என்று தலைமையாசிரியர் நம்மைக் கேட்டார்.

மாலை ஐந்தரை மணி வண்டி இன்னும் நிற்பதில்லை. இரண்டாம் விண்ணப்பம் போயிருக்கிறது.